முதுகில் பை, கணக்கில் பாயிண்ட்: பெரிய ஓட்டலில் ஒரே ஒரு ராத்திரி

வெளிநாட்டுக்கு வந்து இறங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எந்த கிரெடிட் கார்டு எடுத்தால் ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஓசியில் தங்கலாம் என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கார்டு இப்போதைக்கு வேண்டாம். முதலில் மேரியட் பான்வாய், ஹில்டன் ஹானர்ஸ், வேர்ல்ட் ஆஃப் ஹயாத், ஐஎச்ஜி ஒன் ரிவார்ட்ஸ் நான்கிலும் கணக்கு திறந்து வையுங்கள். இவை பெரிய ஓட்டல் குழுமங்களின் உறுப்பினர் திட்டங்கள்: தங்கத் தங்கப் பாயிண்ட் சேரும், பிறகு அந்தப் பாயிண்டைக் கொடுத்தே அறை எடுக்கலாம். நான்குமே இலவசம், எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகாது. பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். நான் கணக்கில் இனிஷியல் போட்டிருந்தேன், பாஸ்போர்ட்டில் அது விரிந்து முழுப் பெயராக இருந்தது. மூன்று இரவு தங்கியதற்கான பாயிண்ட் கணக்கில் ஏற நாலைந்து மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது.

புதிதாக வந்தவர்களுக்கு பாயிண்ட் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் வேலைப் பயணத்தில் இருந்துதான். கம்பெனி பணம் கட்டினாலும், தங்கியவரின் கணக்கில்தான் பொதுவாகப் பாயிண்ட் ஏறும். உங்கள் கம்பெனி விதி அதற்கு இடம் கொடுக்கிறதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அடிப்படைக் கணக்கில் மேரியட்டும் ஹில்டனும் பெரும்பாலான பிராண்டுகளில் ஒரு டாலர் செலவுக்கு 10 பாயிண்ட் தருகின்றன, ஹயாத் 5 தருகிறது. ஹயாத் கஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே அறைக்குக் கேட்கிற பாயிண்டும் குறைவு. ஓட்டலின் சொந்தத் தளத்திலோ ஆப்பிலோ பதிவு செய்தால்தான் இதெல்லாம். எக்ஸ்பீடியா, புக்கிங் டாட் காம் வழியாகப் போட்டால் ஓட்டல் பாயிண்ட் பொதுவாகக் கிடைக்காது, அடிக்கடி தங்குகிறவர்களுக்குத் தரும் சில்வர், கோல்டு மாதிரியான ஸ்டேட்டஸ் சலுகையும் கேட்க முடியாது.

சரி, கார்டு விஷயம். அமெரிக்காவில் கார்டு எடுத்தவுடன் அள்ளிக் கொடுக்கிற போனஸைப் பற்றி வீடியோ பார்த்துவிட்டு ஐரோப்பாவில் இருந்துகொண்டு அதையே தேடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் கிரெடிட் கார்டு பரிமாற்றக் கட்டணத்துக்கு, அதாவது ஒவ்வொரு செலவிலும் கடைக்காரர் பக்கத்திலிருந்து கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிற பங்குக்கு, 0.3 சதவீதம்தான் உச்சவரம்பு. வங்கிக்கே அவ்வளவுதான் வருகிறது என்றால் உங்களுக்கு என்ன மிஞ்சும்? அமெரிக்காவில் இருப்பவர்களுக்கும் கிரெடிட் ஹிஸ்டரி (கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவு) உருவாகவே சில மாதம் வேண்டும், அதற்குள் கண்டபடி விண்ணப்பித்தால் நிராகரிப்புதான் சேரும். மாதக் கடைசியில் பில் முழுவதையும் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வட்டியைக் கணக்குப் பார்த்தால் அந்த அறையை ரொக்கம் கொடுத்தே எடுத்திருக்கலாம்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. பாயிண்ட் கொடுத்து எடுப்பதற்கு முன்னால் அதே தேதிக்கு வரியெல்லாம் சேர்த்து ரொக்க விலை என்ன என்று பாருங்கள், அதைப் பாயிண்ட் எண்ணிக்கையால் வகுங்கள். வரியோடு 400 டாலர் அறைக்கு 40,000 பாயிண்ட் கேட்டால் ஒரு பாயிண்டுக்கு ஒரு சென்ட். ஹில்டனில் அது நல்ல பேரம், ஹயாத்தில் அதே ஒரு சென்ட் வந்தால் நான் ரொக்கமே கொடுத்துவிடுவேன். இன்னொன்று, ரிசார்ட் கட்டணம், அதாவது அறை வாடகைக்கு மேல் சில ஓட்டல்கள் தனியாகக் கேட்கிற தொகை. முழுக்கப் பாயிண்டில் எடுத்த அறைக்கு ஹில்டனும் ஹயாத்தும் அதை வாங்குவதில்லை, மேரியட்டில் பாயிண்டில் தங்கினாலும் பல இடங்களில் கட்ட வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் சேர்த்தே வகுங்கள்.

என் வழி இதுதான்: ஐந்து நாள் பயணம் என்றால் நான்கு ராத்திரி ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறை, மேல் பங்க். கடைசி ராத்திரி மட்டும் பெரிய ஓட்டல். முதல் நாளே அங்கே தங்கிவிட்டால் அடுத்த நாள் ஹாஸ்டல் குளியலறை வரிசையில் நிற்கும்போது அழுகை வரும், அனுபவத்தில் சொல்கிறேன். ஊர் சுற்றி முடித்த பிறகு போனால் அறையை விட்டு வெளியே வரவும் தோன்றாது, கொடுத்த பாயிண்டுக்கு நீச்சல் குளம், நீராவி அறை எல்லாவற்றையும் அனுபவித்துவிடலாம். வியாபார வட்டாரத்து ஓட்டல்கள் வார இறுதியில் காற்று வாங்கும், அங்கே சனி ஞாயிறில் தேடுங்கள். கடற்கரை ரிசார்ட்டுக்கு அப்படியே தலைகீழ்.

முதல் தடவை போனபோது பையில் ஈரத் துண்டு தொங்க, செருப்போடு லாபிக்குள் நுழைந்தேன். வாசலில் நின்றவர் "டெலிவரியா?" என்று கேட்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ரிசப்ஷனில் ஆப்பைக் காட்டியதும் அவரே பையை வாங்கிக்கொண்டு லிஃப்ட் வரை வந்தார். அன்று ராத்திரி இஸ்திரிப் பெட்டியை வைத்து நான்கு நாள் காலுறையை உலர்த்தினேன், அது வேறு கதை.

வெட்கம் போகட்டும், பணம் போன கதையைக் கேளுங்கள். செக்-இன் செய்யும்போது டெபாசிட்டுக்காக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். நான் டெபிட் கார்டை நீட்டிவிட்டேன். அறை இலவசம், ஆனால் கணக்கில் இருந்த நிஜப் பணம் ஒரு வாரம் முடங்கிக் கிடந்தது, அந்த வாரம்தான் வாடகையும் போக வேண்டியிருந்தது. அதனால் இப்போது பாயிண்டை மட்டும் சேருங்கள், சாதாரணக் கிரெடிட் கார்டு ஒன்று கைக்கு வரும்வரை பெரிய ஓட்டல் ராத்திரியைத் தள்ளிப் போடுங்கள். இன்னோர் இடத்தில் என் தண்ணீர் பாட்டிலுக்கு இடம் வேண்டி மினிபாரில் இருந்த இரண்டு புட்டிகளை நகர்த்தினேன். அடியில் சென்சார் இருந்திருக்கிறது. மறுநாள் பில்லில் இரண்டும் குடித்ததாக ஏறியிருந்தது. கேட்டதும் நீக்கிவிட்டார்கள், ஆனால் பில்லைப் பார்க்காமல் வந்திருந்தால்?

பாயிண்டைச் சேர்த்து வைத்து அழகு பார்க்காதீர்கள். மேரியட் 2022 மார்ச்சில் எந்த ஓட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்கிற பட்டியலையே எடுத்துவிட்டு, தேதிக்கேற்ப விலை மாறும் முறைக்குப் போனது. இரண்டு வருடம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் மேரியட், ஹயாத் பாயிண்டுகள் காலாவதியாகும், ஸ்டேட்டஸ் இல்லாத ஐஎச்ஜி கணக்கில் ஒரே வருடம்தான். பெற்றோர் வந்து ஒரே இடத்தில் ஐந்து ராத்திரி தங்குவதானால் மேரியட்டில் பாயிண்டுக்கு ஐந்தாவது இரவு இலவசம். ஹில்டனிலும் உண்டு, ஆனால் சில்வர் ஸ்டேட்டஸாவது இருக்க வேண்டும்.

அப்புறம், செக்-இன் மதியம் மூன்று மணி என்று போட்டிருந்தாலும் காலை பத்து மணிக்கே போய்ப் பையைக் கொடுத்துவிட்டு, அறை தயாரானால் கூப்பிடுங்கள் என்று நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். எனக்குப் பாதி தடவை பன்னிரண்டுக்கே அழைப்பு வந்திருக்கிறது.