எழுத்துருவை 'எழுப்பு': நிறுவலுக்கும் நீக்கலுக்கும் நடுவே ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கணினியிலுள்ள எழுத்துருக்களை ஒழுங்குபடுத்தும் செயலியான எழுத்துரு மேலாளரில் வரும் ஆக்டிவேட், டீஆக்டிவேட் இரண்டுக்கும் தமிழ்ச் சொல்லாக இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: 'நிறுவு, நீக்கு', 'செயல்படுத்து', 'அமர்த்து'. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் செயலைப் பார்ப்போம். ஒரே எழுத்துருக் குடும்பத்தில் 100 முதல் 900 வரை ஒன்பது தடிமன், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு என்றால் அதுவே 18 கோப்புகள். இப்படிச் சேர்த்ததை எல்லாம் நிறுவிவிட்டால், வேண்டிய ஒன்றைத் தேடிப் பட்டியலை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் கோப்பை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் செயலிகளின் கண்ணில் படும்படி செய்கிறோம். லினக்ஸில் நான் எழுத்துருக் கோப்புறைக்குள் அந்தக் கோப்பைச் சுட்டும் ஓர் இணைப்பை மட்டும் போடுவேன். வேலை முடிந்ததும் இணைப்பை எடுத்துவிடுவேன். மூலக்கோப்பு அசையாது.

இதற்கு 'நிறுவு, நீக்கு' சரிவராது. பாமினியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய தமிழ் எழுத்துரு. இன்று தினமும் தேவையில்லை. ஆனால் அதில் தட்டச்சிட்ட பழைய கோப்பைத் திறந்தால், பாமினி இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாக நிற்கும். அப்படிப்பட்ட எழுத்துருவின் பக்கத்தில் 'நீக்கு' என்று பொத்தான் இருந்தால், கோப்பே போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

'செயல்படுத்து' ஏற்கெனவே நிரலை ஓட்டுவதற்கும் வசதியை இயங்கவைப்பதற்கும் திட்டத்தை நிறைவேற்றுவதற்கும் உழைக்கிறது. நான்காவது சுமை வேண்டாம். 'அமர்த்து' எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. வேலைக்கு ஆள் அமர்த்துவது போல எழுத்துருவை அமர்த்துகிறோம், அப்புறம் விடுவிக்கிறோம். அழகுதான். ஆனால் 'விளக்கை அமர்த்து' என்றால் அணைத்துவிடு என்று பொருள். பொத்தானில் நேரெதிர்ப் பொருள் தரக்கூடிய சொல்லை வைக்கக் கூடாது.

என் பரிந்துரை: எழுப்பு, உறங்கவிடு. உறங்குவது காணாமல் போவதில்லை; கூப்பிட்டால் எழும். கணினியின் உறக்கநிலையோடு குழம்பாதா என்று கேட்கலாம். அங்கேயும் எதுவும் அழிவதில்லை, பொருள் ஒன்றேதான். இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆவணத்தைத் திறந்ததும் அதற்குரிய எழுத்துருவை மேலாளரே தேடிக் கொண்டுவருவதும் உண்டு. அதற்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டாம், தன்வினையே போதும்: நான் பாமினியை எழுப்பினேன், கோப்பைத் திறந்ததும் பாமினி தானே எழுந்தது.

ஒரு வேலைக்காகச் சேர்த்து எழுப்பும் எழுத்துருக்களுக்குக் 'குடும்பம்' என்று போடாதீர்கள். அது தடிமன்களின் தொகுதிக்குப் போய்விட்டது. சீட்டுக்கட்டு, சாவிக்கொத்து இரண்டையும் மனதில் வைத்துக் 'கட்டு', 'கொத்து' என்று எழுதிப் பார்த்தேன். 'இந்தக் கொத்தை எழுப்பு' என்பது நாக்கில் இடறுகிறது. 'கட்டு' பரவாயில்லை. இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள், மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த வரியை மட்டும் இன்னும் வெறுமையாகவே வைத்திருக்கிறேன்.