பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஆன்லைனில் வாங்கப் போய் மனதில் நின்றுவிட்ட ஒரு சம்பவம்: அனுபவப் பகிர்வு

பழையதந்தி

ஜேவி ஸ்குவையர் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: 80களின் தொடக்கத்தில் ஃபெண்டர் கம்பெனி ஜப்பானில் செய்யவைத்த கிட்டார். லண்டன் பக்கம் ஒருவர், வீட்டைக் காலி செய்கிறார் போல, ‘மகனின் பழைய கிட்டார், 150 பவுண்டு’ என்று போட்டிருந்தார். சோபாவில் சாய்த்து வைத்து எடுத்த படங்கள். ஹெட்ஸ்டாக்கில், அதாவது கழுத்தின் தலைப்பகுதியில், பெரிதாக ஃபெண்டர், நுனியில் பொடி எழுத்தில் ஸ்குவையர் சீரிஸ். எனக்கு அப்போதே கை பரபரத்தது. பின்பக்கப் படம் மட்டும் இல்லை. கழுத்தை உடம்போடு பிடிக்கும் தகடு, அதாவது நெக் பிளேட், அங்கேதான் இருக்கும். ‘நெக் பிளேட்டில் இருக்கும் நம்பரைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?’ என்று கேட்டேன். பாவம், உடனே அனுப்பினார். மங்கிய குரோம், ஒரு திருகைச் சுற்றித் துரு, ஜேவி, அப்புறம் ஐந்து எண்கள்.

‘எடுத்துக்கொள்கிறேன்’ என்று டைப் அடித்துவிட்டு விளம்பரத்தை இன்னொரு தடவை திறந்தால் தலைப்பே வேறு: ‘1982 ஜப்பான் ஜேவி, மிக அரிது’. விலை 900. நான் கேட்ட நம்பரையே கூகுளில் போட்டுப் பார்த்திருக்கிறார்! நீங்களெல்லாம் விற்பவரிடம் எப்படித்தான் கேட்கிறீர்கள்?

சிங்கை ஜன்னல்

கேட்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். ஜப்பான் ஏலத்தில் ஏஜென்ட் மூலமாக ஒரு கிரெக்கோ லெஸ் பால், அதாவது கிப்சன் கிட்டாரைப் பார்த்து ஜப்பானில் செய்த காப்பி, லாசூட் (வழக்கு) காலத்துச் சரக்கு. ‘ஜங்க்’ என்று போட்டிருந்தார்கள். அங்கே அதற்கு அர்த்தம், திருப்பித் தரவும் முடியாது, புகார் சொல்லவும் முடியாது. ஆனால் பல சமயம் விற்பவரிடம் ஆம்ப் (ஒலிபெருக்கி) இருக்காது, சத்தம் வருகிறதா என்று பார்த்திருக்க மாட்டார், அதற்காகவே ஜங்க் என்று போட்டுவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் ஏலம் கேட்டேன்.

சத்தம் பிரமாதம். அன்றைக்கு ராத்திரி துடைத்துக்கொண்டிருந்தபோது, கழுத்தின் மேல்நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டுக்குப் பின்னால் கட்டைவிரல் நகம் எதிலோ தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் சாய்வாக ஒரு கோடு. ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியது! எல்லாப் படத்தையும் ஏன் முன்பக்கமாகவே எடுத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. ட்யூன் இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. ஆனாலும் வாசிக்கும்போது விரல் அந்தக் கோட்டுக்கே போகிறது.

ஈ மைனர்

சிங்கை, ‘லாசூட் காலம்’ என்று நீங்களுமா? 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தர் எல்கர் மீது வழக்குப் போட்டது. சண்டை ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக. ஐபனெஸ் அதற்குள் வடிவத்தையே மாற்றியிருந்தது. 1978இல் சமரசமாகப் போய்விட்டார்கள். கிரெக்கோவுக்கு அந்த வழக்கில் ஒரு வேலையும் இல்லை. 70களில் ஜப்பானில் செய்த காப்பி கிட்டார் எல்லாவற்றுக்கும் இந்தப் பட்டத்தைக் கட்டி விலையை ஏற்றுகிறார்கள், நாமும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

என் கதை சின்னது. மாட்சுமோக்கு ஆலையில் செய்த ஏரியா ப்ரோ 2. ‘பெயர் தெரியாத கிட்டார்’ என்று ஒருவர் போட்டிருந்தார். பெயர் ஹெட்ஸ்டாக்கிலேயே இருந்தது, படத்தில் அவர் கட்டைவிரல் அதை மறைத்திருந்தது. அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

சால்டர் மாமா

நான் ஏமாந்ததும் உண்டு, சம்பாதித்ததும் உண்டு, அதெல்லாம் எதற்கு? தம்பிகளா, நம்பரை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் வால்யூம் பாட், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம், அதன் முதுகைப் படம் கேளுங்கள். 1377633 என்று இருந்தால், 137 என்பது பாட்டைச் செய்த சிடிஎஸ் கம்பெனி, 76ஆம் வருஷம், 33ஆவது வாரம். அது பாட் செய்த தேதிதான். பாட்டை யாரும் மாற்றவில்லை என்றால், கிட்டார் அதற்கு முன்னால் பிறந்திருக்காது. ஜப்பான் கிட்டாரில் பெரும்பாலும் ஜப்பான் பாட் இருக்கும், இந்தக் கணக்கு அங்கே பலிக்காது. 1977க்குப் பிந்தைய எட்டு இலக்க நம்பர் உள்ள கிப்சன் என்றால் முதல் எண்ணும் ஐந்தாவது எண்ணும் வருஷம், நடுவில் இருக்கும் மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 81232515 என்றால் 1982, 123ஆவது நாள், அதாவது மே 3.

ட்ரஸ் ராடு, அதாவது கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு, இன்னும் திரும்புகிறதா என்று கேளுங்கள். முழுக்க முறுக்கி முடிந்துவிட்டது என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அனுப்பும்போது கம்பியைத் தளர்த்தச் சொல்லுங்கள். ஹெட்ஸ்டாக்குக்கு மேலும் கீழும் துணியோ நுரையோ திணிக்கச் சொல்லுங்கள். பெட்டி விழுந்தால் முதலில் போவது அந்தக் கழுத்துதான். கழுத்தில் விரல் வைக்கும் பலகை பிரேசில் ரோஸ்வுட் என்றால் எல்லை தாண்டுவதற்கு முன் பத்து தடவை யோசியுங்கள். அந்த மரம் 1992 முதல் சைட்டீஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, பேப்பர் இல்லாமல் போனால் கஸ்டம்ஸில் நின்றுவிடும். மற்ற ரோஸ்வுட் வாத்தியங்களுக்கு 2019 கடைசியில் விலக்கு வந்துவிட்டது.

பழையதந்தி

மாமா, விற்பவரிடம் எப்படிக் கேட்பது என்று மட்டும்தான் கேட்டேன்.

கோல்ட்ஃபாயில் அக்கா

நேரடியாகக் கேட்கலாமே. ஸ்கார்பரோவில் ஒரு பெரியவர் பழைய டெய்ஸ்கோ கிட்டார் ஒன்றை 80 டாலருக்குப் போட்டிருந்தார். அதிலிருந்தது கோல்ட் ஃபாயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்). அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் அதைத் தன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் மாட்டினாலும் மாட்டினார், பிக்கப்பைப் பிடுங்கிக்கொண்டு உடம்பைக் குப்பையில் போடுகிற கூட்டம் ஒன்று உருவாகிவிட்டது. அவர் கராஜில் நின்றுகொண்டே சொன்னேன்: “ஐயா, இந்த இரண்டு பிக்கப்பே நீங்கள் கேட்கிற விலைக்கு மேல் போகும்.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ இதை வாசிப்பாயா, கழற்றுவாயா?” என்று கேட்டார். வாசிப்பேன் என்றேன். 40 டாலர் கூட்டினார், கொடுத்துவிட்டு வந்தேன்.

சிங்கை ஜன்னல்

400 கூட்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் அக்கா?

கோல்ட்ஃபாயில் அக்கா

கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பேன். நான் வாங்கியதில் ட்ரெமலோ கம்பி, அதாவது சுரத்தை ஆட்டும் கைப்பிடி, இல்லை. யாரிடமாவது டெய்ஸ்கோ ட்ரெமலோ கம்பி கூடுதலாக இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது.