பொருள்: மறு: கணுக்கால் முறிவு எம்.ஆர்.ஐ. – மூட்டுச் சேதத்துக்கு எந்தச் சொல்?

வணக்கமுங்க.

நோயாளி கையில் கொடுக்கும் தமிழ் அறிக்கையில் 'ஆஸ்டியோகாண்ட்ரல் லீஷன்' என்பதற்கு 'எலும்பு-குருத்தெலும்புப் புண்' என்று போன மடலில் முன்மொழிந்திருந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. புண் என்றதும் தோலும் சீழும்தான் நினைவுக்கு வரும். 'எலும்பு' இரண்டு தடவை வருவதால், கணுக்கால் முறிந்து வந்தவர் இன்னொரு எலும்பும் உடைந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். பேச்சில் இருக்கும் 'ஜவ்வு' அதைவிடச் சிக்கல். எலும்போடு எலும்பைக் கட்டும் நார், முழங்கால் வட்டு, முதுகு வட்டு, குருத்தெலும்பு எல்லாமே ஜவ்வுதான். 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்று வருபவருக்கு எது கிழிந்தது என்று மறுபடி படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

என் முன்மொழிவு: மூட்டுமுகச் சேதம். எலும்பின் மூட்டுப் பக்க முகத்தை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தனியாகவோ, அதைத் தாங்கும் அடியெலும்போடு சேர்ந்தோ கெடுவது.

– எலும்பு அறுவை மருத்துவர், ஈரோடு

---

டாக்டர், 'குருத்துச் சேதம்' என்றால் இன்னும் சுருக்கமாக இருக்குமே? எலும்பு என்ற குழப்பமும் போய்விடும். காலை எப்போது ஊன்றலாம் என்று எங்களிடம்தான் தினமும் கேட்கிறார்கள். சொல் ஒரே மூச்சில் வர வேண்டுங்க.

– இயன்முறை மருத்துவர், பொள்ளாச்சி

---

அம்மா, உங்கள் ஊரில் குருத்து என்றால் முதலில் தென்னைதானே? குருத்தழுகல் தோப்பில் புழங்கும் சொல். அதையாவது விட்டுவிடலாம், ஸ்டெம் செல்லுக்குக் 'குருத்தணு' என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். மூட்டு சிகிச்சைப் பேச்சில் இரண்டும் அடுத்தடுத்து வரும், கலக்கக் கூடாது. மூட்டுமுகச் சேதத்துக்கே என் ஓட்டு.

ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்தினால் அறிக்கை பயன்படாது. 1999-இல் ஹெப்பிள் குழு வகுத்த எம்.ஆர்.ஐ. நிலைகளை இப்படித் தமிழில் வைக்கலாம்: நிலை 1 குருத்தெலும்பு மட்டும், நிலை 2 அடியெலும்பும் முறிந்தது (2அ சுற்றிலும் மஜ்ஜையில் நீர் கோத்தது, 2ஆ கோக்காதது), நிலை 3 சில்லு கழன்றும் இடம் பெயராதது, நிலை 4 இடம் பெயர்ந்தது, நிலை 5 அடியில் நீர்க்கட்டி. தேங்காய்ச் சில்லில் பருப்போடு பழுப்புத் தோலும் சேர்ந்து வருவதுபோல இங்கே குருத்தெலும்போடு அடியெலும்பும் பெயர்ந்து வருகிறது, அதனால் 'சில்லு' சரியாக உட்காரும்.

புது முறிவில் ஒரு எச்சரிக்கை. அடிபட்ட வேகத்தில் மஜ்ஜை எங்கும் நீர் கோத்திருக்கும். அதை மட்டும் வைத்து நிலையைக் கூட்டிச் சொல்லக் கூடாது. சில்லுக்கு அடியில் பளிச்சென்ற நீர்க்கோடு சுற்றிவர ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது 'ஆட்டம் கண்ட சில்லு'. இதையும் சொல்லாகவே ஏற்கலாம்.

கணுக்கால் மூட்டின் கீழ்ப்பாதியான தேலஸ் எலும்பின் மேல்வளைவில் குருத்தெலும்பின் கனம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு படத்துண்டுக்கும் 3 மி.மீ. கனம் வைத்தால் வளைவின் ஓரத்தில் எலும்பும் குருத்தெலும்பும் ஒரே புள்ளியில் கலந்து, நல்ல இடமே தேய்ந்ததுபோல் தெரியும். மேலே டிபியாவின் (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) குருத்தெலும்பு ஒட்டி நிற்பதால் எது எதனுடையது என்று பிரிப்பதும் கடினம். ஆகவே கணுக்காலுக்கான தனிக் காயில் (காலைச் சுற்றி வைத்து சமிக்ஞை வாங்கும் சுருள்), படம் பிடிக்கும் பரப்பு 12–14 செ.மீ., கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் புரோட்டான் அடர்த்திப் படங்கள் மூன்று தளத்திலும், காந்தம் கிடைத்தால் 3 டெஸ்லா வலிமையில். மாவுக்கட்டு தடிமனாக இருந்தால் அந்தக் காயிலுக்குள் கால் நுழையாது. வளையும் காயிலைச் சுற்றலாம், ஆனால் கூர்மை குறையும்.

– கதிரியக்க மருத்துவர், கோவை

---

ஏற்கிறேன். படிவத்தில் இரண்டு பக்க அளவும் ஆழமும் கட்டாயம் வேண்டும். ஏறத்தாழ 15 மி.மீ. விட்டத்துக்குள் என்றால் பெரும்பாலும் அடியெலும்பில் நுண்துளையிடுவோம். அதைத் தாண்டினால், அல்லது அடியில் பெரிய நீர்க்கட்டி இருந்தால், ஒட்டு வைப்பதை யோசிக்க வேண்டும்.

எல்லா முறிவுக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. சந்தேகம் இருந்தால் வீக்கம் வடியக் காத்திருக்கும் நாட்களிலேயே எடுத்துவிடுங்கள். பிளேட்டும் ஸ்குரூவும் போட்ட பிறகு படம் அந்த இடத்தில் கறுத்துச் சிதையும். டைட்டானியத்தைவிடத் துருப்பிடிக்காத எஃகில் அதிகம். அப்போது 3 டெஸ்லாவைவிட 1.5 நல்லது, கொழுப்பை அடக்க ஸ்டிர் (STIR) என்ற படமெடுக்கும் முறை.

மாதிரி வரி: "வலது கணுக்கால், தேலஸ் மேல்வளைவு, வெளிப்பக்கம் முன்பகுதி. மூட்டுமுகச் சேதம், நிலை 3. 8 × 6 மி.மீ., ஆழம் 4 மி.மீ. ஆட்டம் கண்ட சில்லு."

– ஈரோடு

---

சரிங்க டாக்டர், குருத்தை விட்டுவிடுகிறேன். அந்தக் கடைசி மூன்று சொல் அறிக்கையில் இருந்தால், நீங்கள் பார்த்துச் சொல்லும்வரை கால் ஊன்றும் பயிற்சியைத் தொடங்க மாட்டோம். படிவத்தில் அதைத் தனி வரியாக, தடித்த எழுத்தில் போடச் சொல்லுங்க.

– பொள்ளாச்சி