தாமிரக் கம்பித் தொலைபேசியை ஃபைபருக்கு மாற்றினால் மின்வெட்டின்போது பேச முடியுமா?

மன்னைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியில் தனியாக வசிக்கும் என் தாயாருக்கு வயது 79. நான் சென்னையில் பணிபுரிகிறேன். தினமும் காலை ஏழரைக்கும் இரவு எட்டுக்கும் வீட்டுத் தொலைபேசியில்தான் அவருடன் பேசுகிறேன். அது 1994இல் என் தந்தையார் பெயரெழுதி வைத்துவிட்டு வெகுகாலம் காத்திருந்து பெற்ற இணைப்பு. இடையில் எண்ணுக்கு முன்னால் ஒரு 2 சேர்ந்ததே தவிர வேறு மாற்றமில்லை. உறவினர் அனைவருக்கும் அந்த எண் மனப்பாடம். அம்மாவுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். திரையில் வரும் பச்சை வட்டத்தை அவர் இழுப்பதற்குள் மணி அடங்கிவிடுகிறது.

ஐப்பசி மழை தொடங்கினால் இணைப்பில் கரகரப்பு தொடங்கும். கார்த்திகையில் டயல் டோனே இருக்காது. சென்ற ஆண்டு 19 நாட்கள் தொலைபேசி ஊமையாகக் கிடந்தது. புகார் கொடுத்தபோது, தாமிரக் கம்பியை இனிப் பழுதுபார்ப்பதைவிட ஃபைபருக்கு மாறிக்கொள்வதே நல்லது என்றும், எண் மாறாது என்றும், பேச்சு இணையத்தின் வழியாகச் செல்லும் என்றும் நிறுவனத்தினர் சொன்னார்கள்.

எனக்கு இருக்கும் அச்சம் மின்சாரத்தைப் பற்றியது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் எங்கள் தெருவில் மின்சாரமும் இல்லை, கைப்பேசிச் சிக்னலும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுத் தொலைபேசி மட்டும் அன்று மாலை வரை வேலை செய்தது. அந்தச் சில மணி நேரத்தில்தான் அம்மா நலமாக இருப்பது எனக்குத் தெரிந்தது. ஃபைபருக்கு மாறினால் இது முடியுமா? கூடத்தில் இருக்கும் பழைய கருவியையும், படுக்கையறையில் இருக்கும் பேரலல் கருவியையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா? விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு திரையில் படம் பார்த்துக்கொண்டிருந்தால் அம்மாவின் பேச்சு விட்டுவிட்டுக் கேட்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஏரிக்கரை எழுதியது:

என் மாமனார் வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் மாற்றினோம். உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 90 கிலோபிட் போதும். இன்று கிடைக்கும் மிகச் சிறிய ஃபைபர் திட்டத்தின் வேகத்தோடு ஒப்பிட்டால் அது கடுகளவு. அதோடு, நிறுவனம் கொடுக்கும் பெட்டியின் தொலைபேசித் துளையிலிருந்து வரும் பேச்சுக்குப் பெரும்பாலும் தனி வழியும் முன்னுரிமையும் இருக்கும்.

எங்களுக்குத் தொல்லை வந்தது வேறு இடத்திலிருந்து. மாற்றிய முதல் வாரம், இரவு ஒன்பதரைக்கு மேல் எப்போது அழைத்தாலும் தொடர்பு கிடைக்கவில்லை; காலையில் அழைத்தால் நன்றாக இருந்தது. ஆள் வந்து பார்த்தார், பெட்டியை மாற்றினார், அப்போதும் அதே கதை. பிறகுதான் தெரிந்தது: மாமனார் நாற்பது ஆண்டுப் பழக்கப்படி, படுக்கப் போகும் முன் கூடத்துச் சுவிட்ச் போர்டில் இருந்த எல்லாச் சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுத்தான் போவார். அதில் ஃபைபர் பெட்டியின் சுவிட்சும் ஒன்று. தொலைபேசிக்கு மின்சாரம் வேண்டும் என்பதே அவருக்குப் புதிய செய்தி. சுவிட்சின் மேல் காகிதம் ஒட்டினோம். இடி இடித்த ஒருநாள் காகிதத்தையும் பொருட்படுத்தாமல் பிளக்கையே பிடுங்கிவிட்டார். கடைசியில் எலக்ட்ரீஷியனை அழைத்து, பரண்மேல் ஒரு பிளக் பாயிண்ட் வைத்து, பெட்டியை அங்கே ஏற்றிய பிறகுதான் நிம்மதி. உங்கள் தாயாருக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

---

பழைய லைன்மேன் எழுதியது:

தொலைபேசித் துறையில் 33 ஆண்டுகள் கம்பம் ஏறியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

கஜா புயலுக்கு மறுநாளும் உங்கள் தொலைபேசி பேசியதற்குக் காரணம், அது உங்கள் வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் நம்பியிருக்கவில்லை என்பதுதான். எக்ஸ்சேஞ்சில் ஒரு தனி அறையில் 2 வோல்ட் செல்கள் 24ஐ வரிசையாக இணைத்து 48 வோல்ட் பாட்டரி வைத்திருப்போம். அந்த மின்சாரமே பேச்சு வரும் அதே இரண்டு கம்பிகளின் வழியாக உங்கள் கூடம் வரை வந்து கருவியை இயக்கியது. ஊரே இருண்டாலும் எக்ஸ்சேஞ்சில் பாட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும்வரை தொலைபேசி பேசும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி போகுமே தவிர மின்சாரம் போகாது. ஆகவே ஒளியைப் பேச்சாகவும் இணையமாகவும் மாற்றித்தர வீட்டில் வைக்கும் ஓ.என்.டி. என்ற ஃபைபர் பெட்டிக்கு நீங்கள்தான் மின்சாரம் கொடுத்தாக வேண்டும்.

பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் பெட்டிக்கு எதிர்முனையில், பல வீடுகளின் ஃபைபருக்கும் ஒளி அனுப்பும் ஓ.எல்.டி. என்று ஒரு பெட்டி இருக்கிறது. இடையில் கம்பத்தில் தொங்கி ஒளியை வீடுகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் ஓ.எல்.டி.க்குத் தேவை. அது எக்ஸ்சேஞ்ச் கட்டடத்திலேயே இருந்தால் நல்லது. பல ஊர்களில் ஃபைபரை வீடுவரை இழுப்பவர் உள்ளூர்க் கேபிள் டிவிக்காரர். அவருடைய கடை மாடியில் ஓ.எல்.டி. இருந்தால், அந்த மாடியின் பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறதோ அத்தனை மணி நேரம்தான் உங்கள் தொலைபேசியும் தாங்கும், உங்கள் வீட்டில் நான்கு இன்வெர்ட்டர் இருந்தாலும் சரி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஓ.எல்.டி. எங்கே இருக்கிறது, அதற்குப் பின்பலம் எத்தனை மணி நேரம்?

இனி வீட்டுக்குள் இருக்கும் வயரிங். பழைய கருவி வேலை செய்யும். அதன் அடியில் பல்ஸ், டோன் என்று சிறு சுவிட்ச் இருந்தால் டோன் பக்கம் தள்ளி வையுங்கள். வட்டைச் சுழற்றும் கருவியாக இருந்தால் மணி அடிக்கலாம், ஆனால் அதிலிருந்து எண் போடுவது பெரும்பாலான பெட்டிகளில் நடக்காது. படுக்கையறைப் பேரலலையும் வைத்துக்கொள்ளலாம்: ஓ.என்.டி.யின் தொலைபேசித் துளையிலிருந்து ஒரு வயரைக் கூடத்து ரோசெட்டுக்கு (சுவரில் தொலைபேசி வயர்களை இணைக்கும் சிறு பெட்டி) கொண்டுவந்தால், அங்கிருந்து உள்ளே போகும் பழைய வயரிங் அப்படியே பயன்படும். ஆனால் அதற்கு முன், கம்பத்திலிருந்து வரும் டிராப் வயரை அந்த ரோசெட்டிலிருந்து கட்டாயம் கழற்றிவிட வேண்டும். எக்ஸ்சேஞ்ச் மின்சாரமும் பெட்டியின் மின்சாரமும் ஒரே கம்பியில் சந்தித்தால் பெட்டியின் தொலைபேசித் துளை கெட்டுப்போகலாம். அவசரத்தில் வரும் பையன்கள் இதை மறந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்; அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்ட்லெஸ் கருவி வேண்டாம், அதன் அடித்தட்டுக்கும் தனியாக மின்சாரம் வேண்டும்.

ஃபைபருக்கு என்று சில நன்மைகள் உண்டு. மழைநீர் ஜாயிண்டில் இறங்கிக் கரகரக்கும் தொல்லை இல்லை. கம்பிவழியே இடி இறங்கிக் கருவி கருகுவதும் இல்லை. ஆனால் அணில் கடிக்கும், ஆணியில் சுற்றி மடித்தால் ஒளி கசியும். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் ஃபைபரில் பழுது என்று பொருள். அதை மட்டும் அம்மாவுக்குக் காட்டி வையுங்கள். புகார் சொல்லும்போது பாதி வேலை முடிந்துவிடும்.

---

மலைக்கோட்டை எழுதியது:

லைன்மேன் ஐயா சொன்னதைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: தனியாக இருக்கும் முதியவருக்காக இவ்வளவு கண்ணிகளைக் கோத்து ஒரு சங்கிலி அமைப்பதைவிட, சிம் அட்டை போடும் மேசைத் தொலைபேசி ஒன்றை வாங்கி வைத்துவிடலாமே. பார்ப்பதற்குப் பழைய கருவி போலவே ரிசீவரும் பெரிய பொத்தான்களுமாக இருக்கும். எடுத்தால் பேசலாம், பச்சை வட்டம் எதையும் இழுக்க வேண்டியதில்லை. உள்ளேயே பாட்டரி இருக்கிறது. எண் புதிதாக இருக்கும் என்பதுதான் ஒரே குறை.

எண்ணைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். கைப்பேசி எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரியில் வந்துவிட்டது. தரைவழி எண்ணுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இப்போதுள்ள நிறுவனத்திலேயே தாமிரத்திலிருந்து ஃபைபருக்கு மாறினால் எண் நிற்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு நிறுவனத்துக்குப் போனால் எண் போய்விடும். பழைய இணைப்பைத் துண்டிக்க எழுதிக் கொடுத்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிப்பதும் கூடாது. 'மாற்றம்' என்றே விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள்.

---

மன்னைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. சுவிட்சுகளை அணைக்கும் பழக்கம் அம்மாவுக்கும் உண்டு, கேட்டதும் சிரித்துவிட்டேன். மலைக்கோட்டை அவர்கள் சொல்லும் சிம் தொலைபேசியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அதை மட்டுமே நம்ப எனக்குத் தைரியம் இல்லை, ஏனெனில் புயலன்று முதலில் போனது கைப்பேசிச் சிக்னல்தான். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. ஓ.என்.டி.க்கு என்றே சிறிய யு.பி.எஸ். விற்கிறார்களே, 10,000 எம்.ஏ.எச். என்று அட்டையில் போட்டிருக்கிறது. அது ஒருநாள் தாங்குமா?

---

ஏரிக்கரை எழுதியது:

ஒருநாள் தாங்காது. அட்டையில் போடும் அந்தக் கணக்கு உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு உரியது. பெருக்கினால் 37 வாட்-மணி. அதை 12 வோல்ட்டாக உயர்த்தும்போது கொஞ்சம் வீணாகும், ஆகவே கையில் நிற்பது ஏறத்தாழ 30. உங்கள் பெட்டி 8 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் மூன்றே முக்கால் மணி நேரம். அடாப்டரின் முதுகில் 12 வோல்ட் என்று இருக்கிறதா, பின்னின் பருமன் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வைஃபை தேவைப்படாத நாட்களில் அதை அணைத்து வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். தொலைபேசிக்கு வைஃபை தேவையில்லை.

---

மன்னைவாசி எழுதியது:

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மாற்றிவிட்டோம், எண் மாறவில்லை. ஓ.எல்.டி. பேருந்து நிலையத்துக்கு அருகே கேபிள்காரர் மாடியில் இருக்கிறது, பாட்டரி நான்கைந்து மணி நேரம் வரும் என்று அவரே ஒளிக்காமல் சொன்னார். பெட்டியைப் பரண்மேல் ஏற்றி, யு.பி.எஸ். வைத்தோம். டிராப் வயரைக் கழற்றாமலேயே இணைக்கப் போனார்கள். லைன்மேன் ஐயா எச்சரித்திருந்ததால் தடுத்தேன்.

சென்ற ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அரைமணிக்கு ஒருமுறை என் கைப்பேசியிலிருந்து அழைத்துப் பார்த்தேன். ஐந்து மணிக்கு மணி அடித்தது, ஐந்தரைக்கு அடிக்கவில்லை. எங்கள் பகுதியில் சாதாரணமாக ஏற்படும் மின்வெட்டுக்கு இது போதும். புயலுக்குப் போதாது. அதற்காகப் பொத்தான் கைப்பேசி ஒன்றைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அதற்கும் சார்ஜ் போட்டுவிடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை மறக்கவில்லை.

புதிதாக ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. முன்பு நான் பேசாமல் இருக்கும்போதும் லைனில் மெல்லிய இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும். இப்போது நான் ஒரு நொடி நிறுத்தினாலும் சுத்த நிசப்தம். லைன் துண்டித்துவிட்டது என்று நினைத்து அம்மா ரிசீவரை வைத்துவிடுகிறார். நேற்று மட்டும் மூன்று முறை. பெட்டியில் இதற்கு ஏதாவது அமைப்பு உண்டா?

---

பழைய லைன்மேன் எழுதியது:

உண்டு. பேச்சில்லாத நேரத்தில் ஒலியை அனுப்பாமல் நிறுத்திவைக்கும் ஓர் அமைப்பு பெட்டியில் இயங்கிக்கொண்டிருக்கலாம். 'சைலன்ஸ் சப்ரஷன்' என்ற அதை அணைக்கச் சொல்லியோ, 'கம்ஃபர்ட் நாய்ஸ்' என்ற செயற்கை இரைச்சலைப் போடச் சொல்லியோ நிறுவனத்திடம் கேளுங்கள். பெட்டியின் அமைப்புகளை மாற்றும் பக்கத்துக்கான கடவுச்சொல் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும். அதுவரை, அம்மா பேசும்போது நீங்கள்தான் 'ம்' கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.