பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் ஆடுது, டிஸ்க் வளைஞ்சிடுச்சா?

கேள்வி:
இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல கார் ஓட்டிட்டு வந்ததுலேர்ந்து 100க்கு மேல போய் பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் தடதடன்னு ஆடுதுங்க, பெடலும் கால்ல துடிக்குது. முன்னாடி ரெண்டு டிஸ்க்கும் வளைஞ்சிடுச்சு மாத்தணும்ங்கறாங்க, விலை ரொம்ப ஜாஸ்தி. வேற வழி இருக்கா?

பதில் 1:
உடனே மாத்தாதீங்க ப்ரோ. டிஸ்க் நிஜமாவே வளையறது அபூர்வம், பெரும்பாலும் சூட்டுல பேட் (டிஸ்க்கை கவ்விப் புடிக்கற பிரேக் கட்டை) மெட்டீரியல் டிஸ்க்ல திட்டுத்திட்டா ஒட்டிக்கறதுதான். பிட்டுக்கு (டிராக் ஓரமா வண்டி நிறுத்தற இடம்) வந்து பெடலை அமுக்கிட்டே நின்னீங்களா? பேட் அச்சு அப்படியே பதிஞ்சிடும். இனிமே கடைசி லேப்பை (ரவுண்டை) மெதுவா ஓட்டி ஆற விடுங்க. இப்போதைக்கு காலி ரோட்டுல 100லேர்ந்து 30க்கு ஒரு எட்டு தடவை நல்லா அழுத்தி புடிங்க, முழுசா மட்டும் நிறுத்தாதீங்க, அப்புறம் பிரேக்கை தொடாம கொஞ்ச தூரம் ஓட்டுங்க. லேசான படிவம்னா போயிடும்.

பதில் 2:
அதுக்கு முன்னாடி டயல் கேஜ்ங்கற அளவுமானி வெச்சு ரன்-அவுட் (சுத்தும்போது டிஸ்க் எவ்வளவு ஆடுதுன்னு) பாக்க சொல்லுங்க, 0.05 மி.மீ.க்கு மேல காட்டுனா டிஸ்க்கை கழட்டி ஹப்ல (டிஸ்க் பொருந்தற நடுப்பகுதி) துரு இருக்கான்னு பாருங்க. வீல் நட்டை ஏர் கன்ல கண்டபடி இறுக்கறதும் காரணம், சரியான அளவுக்கு இறுக்கற டார்க் ரெஞ்சுதான் சரி. டிஸ்க்கை லேத்துல கடைஞ்சு சமப்படுத்தலாம், ஆனா டிஸ்க்ல பொறிச்சிருக்கற மினிமம் தடிமனுக்கு கீழ போகவே கூடாது, பெரிய விரிசல் இருந்தா யோசிக்காம மாத்திடுங்க.