கலைச்சொல் வேண்டும்: ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி நிறுத்துவதற்கு

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அன்பார்ந்த குழுவினருக்கு வணக்கம். கையடக்கமான டிஜிட்டல் காமிரா ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். லென்சு, ஷட்டர், ஃபிளாஷ் ஆகியவற்றை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்ளப் பதிப்பாசிரியர் இசைந்துவிட்டார். குவியம் (ஃபோகஸ்), உணரி (சென்சார்), முக்காலி ஆகியவை முன்பே வழக்கில் உள்ளவை. நான் தடுமாறும் இடம் ஒன்றே.

ஷட்டர் பொத்தானுக்கு இரண்டு படிகள் உண்டு. மெல்ல அழுத்தினால் பொத்தான் சற்றே இறங்கி ஓரிடத்தில் இலேசாகத் தடைபடும். அங்கேயே நிறுத்தினால் காமிரா குவியத்தைத் தேடிப் பிடித்து, ஒளியையும் அளந்து, திரையில் பச்சைக் கட்டத்தைக் காட்டும். விரலை எடுக்காமல் மேலும் அழுத்தினால்தான் படம் பதிவாகும். முதல் படியில் நிறுத்தும் இச்செயல் கையேட்டில் ஏறக்குறைய எல்லா இயல்களிலும் வருகிறது. இதுவரை 'பாதி அழுத்தி' என்றே எழுதிவந்தேன். ஆனால் பெயராகவும் வினையாகவும் எச்சமாகவும் நின்று பயன்படும் ஒரே சொல் இல்லாததால், 'பொத்தானைப் பாதி அழுத்திய நிலையில் குவியம் பூட்டப்பட்டிருக்கும்போது காட்சியை மாற்றியமைத்தல்' போன்ற தலைப்புகளை எழுத வேண்டியுள்ளது. திரைப்பட்டியிலோ இரண்டு சொல்லுக்கு மேல் இடமில்லை. உதவுங்கள்.

மென்பொருள் தமிழாக்கத்தில் பணிபுரியும் உறுப்பினர் எழுதியது:

'அரையழுத்தம்' என்று வைத்துவிடலாம். கேட்டவுடன் விளங்கும், குறுகியது, எதிரிணையாக 'முழுவழுத்தம்' என்ற சொல்லும் தானே கிடைக்கிறது. இதற்குமேல் ஆராய வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மையீர், தங்கள் முயற்சி பாராட்டத்தக்கது. நண்பர் முன்மொழிந்த சொல்லில் இரண்டு இடர்கள் தென்படுகின்றன. முதலாவது, 'அழுத்தம்' என்பது இயற்பியலில் ஓர் அளவைக் குறிக்கும் பெயராக நிலைபெற்றுவிட்டது. 'அரையழுத்தம்' என்றால் பள்ளி மாணவர் அழுத்தத்தின் பாதி அளவு என்றே கொள்வார். செயலைக் குறிக்க விரும்பினால் 'அல்' ஈறு பெற்று 'அரையழுத்தல்' என்றாவது வர வேண்டும். இரண்டாவது, 'அரை' என்பதைத் தொல்காப்பியம் பால்வரை கிளவி என்கிறது. அதாவது அது ஒரு பொருளின் பகுதியை வரையறுத்துக் காட்டும் சொல். இங்கே வரையறுத்த பாதி எதுவும் இருப்பதாகத் தாங்கள் தந்த விளக்கத்தில் தெரியவில்லை.

இச்செயலுக்கு உரிய சொல் இலக்கண உரைகளிலேயே இருக்கிறது. எழுத்தை ஒலிக்கும் கால அளவாகிய மாத்திரையை விளக்கும் இடத்தில், கைந்நொடிப்பின் நான்கு நிலைகளை அளவிட்டுக் காட்டும் பழைய நூற்பா ஒன்றை நாம் அனைவரும் படித்திருக்கிறோம்: 'உன்னல் காலே ஊன்றல் அரையே முறுக்கல் முக்கால் விடுத்தல் ஒன்றே.' நொடிக்க நினைப்பது கால், விரலை ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுப்பது ஒன்று. விரலின் செயலைப் படிப்படியாகப் பகுத்து, அரை நிலைக்கு 'ஊன்றல்' என்றும் நிறைவு நிலைக்கு 'விடுத்தல்' என்றும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். 'ஊன்றிப் பார்', 'ஊன்றிப் படி' என்னும் வழக்குகளில் இதே வினை கூர்ந்த கவனத்தையும் உணர்த்துகிறது. பொத்தானின் முதல் படியில் நடப்பது விரலின் ஊன்றலும் காமிராவின் கூர்ந்த பார்வையும்தானே? எனவே 'ஊன்றல்', 'விடுத்தல்' என்ற இணையை முன்மொழிகிறேன்.

வேர்ச்சொல் ஆர்வலர் எழுதியது:

ஐயா காட்டிய நூற்பா நெஞ்சை நிறைத்தது. ஆனால் ஏன் 'ஊன்றல்' என்பதோடு நிற்க வேண்டும்? தோன்று என்னும் வினை தோற்றம் ஆவதுபோல, ஊன்று என்னும் வினை 'ஊற்றம்' ஆகும். வலிமை, பற்றுக்கோடு என்ற பொருள்களில் இச்சொல் முன்பே உள்ளது. தொடு உணர்வைக் குறிக்கும் 'ஊறு' என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்: சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என ஐம்புலனை வள்ளுவர் அடுக்குமிடத்தில் அது நிற்கிறது. உறுதல், ஊறு, ஊன்று, ஊற்றம் எல்லாம் பொருந்துதல் என்ற ஒரே கருத்தில் கிளைத்தவை என்பது என் துணிபு. விரல் தடையை உணரும் அந்த நுண்ணிய நொடிக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்த மொழியிலும் காண முடியாது.

மேலும், ஷட்டர் என்பதை அப்படியே விட்டுவிட்டு அதன் பொத்தானை அழுத்துவதற்கு மட்டும் தூய தமிழ் தேடுவது முறையாகுமா? 'மூடுதிரை' என்று தொடங்கினால் எல்லாமே தெளியும்.

குழு மட்டுறுத்துநர் எழுதியது:

ஷட்டரைப் பற்றிய விவாதத்தைத் தனி இழையில் நடத்துமாறு வேண்டுகிறேன். இங்கே கேட்கப்பட்ட சொல் ஒன்றுதான், காலமும் குறைவு.

ஒளிப்படக்கலை கற்பிக்கும் உறுப்பினர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இச்செயலைப் புதியவர்களுக்குக் கற்பிப்பது என் அன்றாட வேலை என்பதால், சொல் விரலை என்ன செய்யத் தூண்டுகிறது என்பதை வைத்தே நான் அதை எடைபோடுகிறேன்.

சிறிய காமிராக்களில் பெரும்பாலானவை பிம்பத்தின் கூர்மையைக் கொண்டே குவியம் தேடுகின்றன. லென்சு முன்னும் பின்னும் நகர, உணரியில் விழும் விளிம்புகள் எந்த நிலையில் மிகத் தெளிவாகத் தெரிகின்றனவோ அந்த நிலையை, அதைச் சற்றுத் தாண்டிச் சென்று திரும்பி வந்த பிறகே, காமிரா உறுதிசெய்துகொள்கிறது. அதற்குரிய நேரத்தைத் தருவதற்காகத்தான் இந்த முதல் படியே இருக்கிறது. பழகாதவர்கள் பொத்தானை ஒரே மூச்சில் அமுக்கிவிடுகிறார்கள். காமிரா குவியத்தைத் தேடி முடிப்பதற்குள் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காமிரா எடை குறைந்தது என்பதால் அமுக்கிய வேகத்தில் அதன் வலப்புறம் தாழ்ந்து படமும் கலங்குகிறது.

இந்தக் காரணத்தால் 'ஊன்றல்' என்ற சொல்லை, அதன் அழகை முழுவதும் உணர்ந்துகொண்டே, நான் எதிர்க்கிறேன். கம்பை ஊன்றினான், காலை ஊன்றி நின்றான் என்னும்போது நம் காதில் விழுவது உடலின் பாரம் முழுவதையும் இறக்கும் செயல். 'விரலை ஊன்றுக' என்று படித்தவர் பொத்தானை அடிவரை அமுக்குவார். கையேடு எதைத் தவிர்க்கச் சொல்கிறதோ அதையே அச்சொல் செய்ய வைக்கும். 'ஊற்றம்' என்றால் நீரூற்று நினைவுக்கு வரும். அதை அகராதி இல்லாமல் விளங்கிக்கொள்வோர் மிகச் சிலரே.

'அரை' என்பதிலும் குறை உண்டு. தடை இருக்கும் இடம் பொத்தானின் பயணத்தில் சரிபாதி அன்று. காமிராவுக்குக் காமிரா அது மாறும். உடல் மெலிய மெலியப் பொத்தானின் ஆழமும் குறைந்துவிடுவதால், சில காமிராக்களில் முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் உள்ள இடைவெளியை விரலால் பிரித்தறிவதே கடினம். போதாக்குறைக்கு, பொத்தானைச் சுற்றி உருப்பெருக்க நெம்புவளையத்தையும் பொருத்திவிடுகிறார்கள். விரல் சற்று வழுவினால் குவியம் பிடித்த காட்சி பெரிதாகியோ சிறிதாகியோ போகிறது. இவை வடிவமைப்பின் குறைகள், சொல்லால் தீராதவை. ஆனாலும் 'பாதி', 'அரை' என்றவுடன் விரல் தன்னை அடக்கிக்கொள்கிறது. அந்த அடக்கம்தான் எனக்கு வேண்டும். வகுப்பில் நான் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, குவியம் கிடைத்ததற்கான ஒலி கேட்கும்வரை மட்டும் அழுத்தச் சொல்வேன். கண்ணை விட விரல் விரைவாகக் கற்றுக்கொள்கிறது.

மென்பொருள் தமிழாக்க உறுப்பினர் மீண்டும் எழுதியது:

பழைய நூற்பாவில் சொல் தேடுவதில் எனக்குள்ள தயக்கம் வேறு. இச்செயலே புதியது. 1888-இல் வந்த முதல் கோடக் காமிராவில் குவியம் நிலையாக அமைக்கப்பட்டிருந்தது. ஷட்டரை இழைக்கயிற்றால் இழுத்துத் தயார் செய்து பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. 1977-இல் வந்த கோனிகா சி35 ஏஎஃப், தானே குவியம் தேடும் ஆற்றலைச் சிறிய காமிராவுக்குக் கொண்டுவந்தது. குவியம் பார்க்கும் பொறுப்பு கண்ணிலிருந்து கருவிக்கு மாறிய பின்னரே, 'நான் குறிவைத்துவிட்டேன், நீ பார்த்துச் சொல்' என்று கருவியிடம் தெரிவிக்கும் ஒரு சைகை மனிதருக்குத் தேவைப்பட்டது. நூற்றாண்டுகளுக்கு முந்திய உரைமரபில் இதற்குச் சொல் இல்லாதது தமிழின் குறை ஆகாது. 'அழுத்தல்' பற்றிய ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன்: 'அரையழுத்தல்' என்றே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பில் அனுபவம் மிக்க மற்றோர் உறுப்பினர் எழுதியது:

'முன்னழுத்தல்' என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லையா? படிகளின் வரிசையை அது சரியாகக் காட்டும். பாதியா அன்றா என்ற வழக்கும் எழாது.

கையேட்டை மொழிபெயர்ப்பவர் எழுதியது:

எண்ணிப் பார்த்தேன் அம்மா. 'முன்' என்பது காலத்தையும் இடத்தையும் ஒருங்கே குறிப்பதால், லென்சை முன்னால் தள்ளுமாறு சொல்வதாகப் படிக்க இடமிருக்கிறது. கையேட்டிலேயே முன்புறப் பொத்தான் ஒன்றும் வருகிறது.

தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்ததில் பெரும்பாலோர் 'அரையழுத்தல்' பக்கமே நிற்கிறார்கள். அவர்களுள் பலர் வேறு வழியில்லை என்பதற்காகவே இசைந்ததையும் மறைக்க விரும்பவில்லை. அச்சொல்லையே கையாளுகிறேன். முதலில் வரும் இடத்தில் 'ஷட்டர் பொத்தானை, விரலுக்குத் தடை தென்படும்வரை மெல்ல அழுத்தி, அங்கேயே நிறுத்திப் பிடித்தல்' என்று விளக்கம் தருகிறேன். ஒளிப்பட ஆசிரியர் சொன்ன ஒலிப் பயிற்சியையும், பதிப்பாசிரியர் இசைந்தால், அதனடியில் சேர்ப்பேன். மேற்சொன்ன நீண்ட தலைப்பு இப்போது 'அரையழுத்திக் காட்சியை மாற்றுதல்' என்று சுருங்கிவிட்டது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தங்கள் பணி குறித்த காலத்தில் நிறைவேறட்டும். முடிவை மதிக்கிறேன், உடன்படவில்லை. ஊன்றுதல் என்றாலே பாரம் முழுவதையும் இறக்குவது என்று ஆசிரியர் நண்பர் கூறியது கம்புக்கும் காலுக்கும் பொருந்தும். நூற்பா பேசுவதோ கைந்நொடிப்பில் விரல்மேல் விரல் பதியும் மெல்லிய ஊன்றலை. முறுக்கலும் விடுத்தலும் அதற்குப் பின்னரே வருகின்றன. அடுத்து வரப்போகும் செயலுக்காக விரல் காத்திருக்கும் நிலையை 'அரை' என்ற எண் சொல்லாது, 'ஊன்றல்' சொல்லும். சொற்பட்டியலில் 'அரையழுத்தல்' என்பதற்கு எதிரே 'ஊன்றல்' என்பதையும் மாற்றுச் சொல்லாகப் பதிந்து வைக்குமாறு மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன். கையேட்டின் இரண்டாம் பதிப்பு வரும்போது இதை மீண்டும் எழுப்புவேன்.