ரூ இல்லாத கம்போ, கம்போ ஆகுமா?

அடுப்படி:
அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜுக்குக் குடிவந்த பிறகு பக்கத்து வீடுகளில் சாப்பிட்டுப் பழகி, இப்போது சோற்றோடு சாப்பிடும் அந்த ஊர்க் குழம்பான கம்போவை நானே வீட்டில் வைக்கிறேன். போன வாரம் இறாலும் வெண்டைக்காயும் போட்டு, மாவு வறுக்காமலே செய்தேன். உடன் வேலை பார்க்கும் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ருசி நல்லாயிருக்கு, ஆனா இது கம்போ இல்லை, வெண்டைக்காய் சூப்" என்று சொல்லிவிட்டார். ரூ, அதாவது எண்ணெயில் வறுத்த மாவு, கட்டாயம்தானா?

லஃபயெட்வாசி:
அவர் சொன்னதுதான் சரி. கம்போவின் உயிரே ரூதான். ஒரு கப் எண்ணெய்க்கு ஒரு கப் மைதா, கனமான இரும்புச் சட்டி, மிதமான தீ. கையை எடுக்காமல் துழாவ வேண்டும். முதலில் வெளிர் மஞ்சள், அப்புறம் வேர்க்கடலை நிறம், பிறகு செம்பு நிறம், கடைசியில் கருஞ்சாக்லேட் நிறம். முக்கால் மணி நேரம் பிடிக்கும். பச்சை மாவு வாடை போய்க் கொட்டை வறுபடும் மணம் அடுக்களை முழுக்க ஏறும். கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் நறுக்கிய வெங்காயத்தைக் கொட்ட வேண்டும். சடசடவென்று பொரிந்து, வெங்காயத்தின் ஈரத்தில் சூடு தணிந்து, நிறம் அதே இடத்தில் நின்றுவிடும். பின்னாடியே செலரி, பச்சைக் குடைமிளகாய். கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கசப்பை எந்த மசாலாவும் மறைக்காது.

இந்த உழைப்பு இல்லாததை, லூசியானாவின் ஃபிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்களின் வீடுகளில் யாரும் கம்போ என்று சொல்லமாட்டார்கள்.

வெண்டைப்பிஞ்சு:
லஃபயெட்வாசி அண்ணா, உங்கள் ரூ பக்குவத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் கம்போ இல்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது.

ஆபி ஃபிஷர் என்ற கறுப்பினப் பெண்மணி, அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதி, 1881இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு சமையல் நூல் வெளியானது. அதில் வெண்டைக்காய்க் கம்போ இருக்கிறது. மாட்டுக் கால் எலும்பை உடைத்து ஒரு கேலன் தண்ணீரில் போட்டு, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, வடிகட்டி, வெண்டைக்காயை நறுக்கிப் போட்டு, உப்பு மிளகு சேர்த்து, உதிரியாக வடித்த சோற்றோடு பரிமாறச் சொல்கிறார். மாவு என்ற பேச்சே இல்லை. அந்த அம்மாவின் சட்டியில் இருந்ததை நாம் இன்றைக்கு சூப் என்று ஒதுக்குவதா?

லஃபயெட்வாசி:
அவர் அலபாமாவில் மொபைல் என்ற ஊர்ப் பக்கம் சமைத்தவர். நான் பேசுவது லூசியானாவைப் பற்றி.

வெண்டைப்பிஞ்சு:
சரி, லூசியானாவுக்கே வருகிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிய முதல் கப்பல்கள் அங்கே வந்தது 1719இல். கேஜன் மக்களின் முன்னோரான அக்கேடியர்களை பிரிட்டிஷார் நோவா ஸ்கோஷியாவிலிருந்து விரட்டத் தொடங்கியதே 1755இல்தான். அவர்கள் லூசியானா வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு. வெண்டைக்காய் ஆப்பிரிக்கக் காய், அதைச் சோற்றுக்குக் குழம்பாக வைக்கும் கை ஆப்பிரிக்கக் கை. ரூ ஃபிரெஞ்சுச் சமையலிலிருந்து வந்தது. பிறகு வந்து சேர்ந்த ஒன்றை வைத்து, முன்பே இருந்ததைக் கம்போ இல்லை என்று தள்ளுவது அநியாயம். எனக்கு இது வெறும் சமையல் சண்டை இல்லை. யாருடைய உழைப்பை மறக்கிறோம் என்பதும் இதில் இருக்கிறது.

லஃபயெட்வாசி:
அந்த வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் உணவு வளர்ந்துகொண்டே வருகிறது. இன்றைக்குக் கோழியும் ஆண்டூயி சாசேஜும் போட்ட கம்போவை ரூ இல்லாமல் செய்து பாருங்கள், வெறும் தண்ணியாக இருக்கும். புகைபோட்ட அந்த இறைச்சிக்கு ஈடுகொடுக்க வறுத்த மாவின் ஆழம் வேண்டும். பால் புருதோம் 1979இல் நியூ ஆர்லியன்ஸில் கடை திறந்து, கேஜன் சமையலை நாடு முழுக்கப் பேசவைத்தாரே. அவர் புகையும் எண்ணெயில் மாவைப் போட்டுச் சில நிமிடங்களிலேயே கறுப்பு ரூ எடுத்தவர். நேரத்தைக் குறைத்தாரே தவிர ரூவை விடவில்லை.

கருவாட்டுச்சட்டி:
நடுவில் ஒரு விஷயம். ரூ கறுக்கக் கறுக்கக் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும். நீண்ட நேரச் சூட்டில் மாவுச்சத்து உடைந்துவிடுகிறது. ஆகவே சாக்லேட் நிற ரூ கொடுப்பது முக்கியமாக நிறமும் மணமும்தான். கெட்டித்தன்மைக்கு வெண்டைக்காயோ ஃபிலே பொடியோ தேவைப்படுவது அதனால்தான். சாஸஃப்ராஸ் இலையைக் காயவைத்து இடிக்கும் அந்தப் பொடி சாக்டா பழங்குடி மக்கள் தந்தது. அடுப்பை அணைத்த பிறகுதான் தூவ வேண்டும், கொதியில் போட்டால் நூல் நூலாக இழுக்கும். ரூ மட்டும்தான் கம்போ என்றால் இவர்களையும் சேர்த்துத்தானே வெளியே தள்ளுகிறோம்?

லஃபயெட்வாசி:
இது நியாயமான கேள்வி. இறால், நண்டு, வெண்டைக்காய் என்று கடற்கரைப் பக்கம் வைக்கும் கம்போவில் ரூ மெலிதாக இருக்கும் என்பதும், சிலர் போடுவதே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். என் வீட்டில் அப்படி வைக்கமாட்டேன், அவ்வளவுதான். கோழி, சாசேஜ் என்றால் மட்டும் ரூ இல்லாமல் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

வெண்டைப்பிஞ்சு:
கோழி, சாசேஜ் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நானும். இறால் கம்போவை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அடுப்படி:
இரண்டு பேருக்கும் நன்றி. என்னுடையதில் வழவழப்பு கொஞ்சம் மிஞ்சிவிட்டது. அவர் சூப் என்று சொன்னதற்கு அதுவும் காரணமாக இருக்குமோ?

வெண்டைப்பிஞ்சு:
இருக்கலாம். வெண்டைக்காயை நேராகக் குழம்பில் போடாதீர்கள். அகலமான சட்டியில் எண்ணெய் விட்டுத் தனியாக அரை மணி நேரம் வதக்குங்கள். கரண்டியைத் தூக்கினால் நூல் வரக்கூடாது, காய் பழுப்பேறிக் குழைந்திருக்க வேண்டும். இறால் தலையையும் ஓட்டையும் வேகவைத்து வடித்த சாற்றில் அதைச் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். இறாலைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் போதும், முன்னாடியே போட்டால் ரப்பராகிவிடும்.

லஃபயெட்வாசி:
அந்த வெண்டைக்காயோடு ஒரு கரண்டி செம்பு நிற ரூவும் சேர்த்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். ஒரு சட்டியில் போட்டு, ஒரு சட்டியில் போடாமல் வைத்து, இரண்டையும் அவருக்கே கொடுங்கள்.